கர்ப்பூரம் எங்கே போகிறது?

(பள்ளிக்கூடத்து இரசாயனப் படிப்பைப் பற்றி உபாத்தியாயர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பிள்ளைகளுக்கு அன்றாட வாழ்விலுள்ள இரசாயனத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். நாம் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவர்களல்ல. புத்தகத்தைப் புரட்டியும், தெரிந்தவர்களைக் கேட்டும், கையால் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதையே சொல்லப் போகிறோம். ஆதலால் நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். சரியாக வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். "கேட்காதே, நம்பு" என்று சொல்லுகிற சாஸ்திரம் வேறு. அதைச் சொல்ல ஊருக்கு நாலு பேர் ஏற்கனவே இருக்கிறார்கள். நாம் ஐந்தாவது ஆளாக வரவில்லை.

முதலில் கர்ப்பூரத்தை எடுத்துக்கொள்ளுவோம். கோயிலில் அதைக் கொளுத்திக் காட்டுகிறார்கள். காலட்சேபம் செய்கிறவர்கள் அதற்கு ஒரு தத்துவார்த்தமும் சொல்லுகிறார்கள். அதாவது, கர்ப்பூரம் எரிந்தால் சாம்பல்கூட மிச்சமில்லாமல் அடியோடு மறைந்து போகிறதாம். அதுபோலவே ஜீவாத்மாவானது பரமாத்மாவில் கரைந்து இருந்த இடம் தெரியாமல் போகிறதாம். கேட்கிறவர்களும் கண்ணில் நீர் ததும்பத் தலையை ஆட்டுகிறார்கள். அவர்கள் நல்ல காலம், அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பையன் எழுந்து, "சுவாமி! ஒன்றுமில்லாமல் போகிறதென்றால் கர்ப்பக்கிரகத்து மேல்தளம் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கிறது?" என்று கேட்பதில்லை. கேட்டால் காலட்சேபம் அன்றோடு முடிந்துபோகும்.

தோழர்களே! கர்ப்பூரம் எங்கும் மறைந்து போகவில்லை. எரிவதென்றால் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேருவது என்று அர்த்தம். கர்ப்பூரத்திலிருக்கும் கரி பிராணவாயுவோடு சேர்ந்து கரியமிலவாயு ஆகிறது. அதிலிருக்கும் ஹைட்ரஜன் பிராணவாயுவோடு சேர்ந்து நீராவியாகிறது. அரைகுறையாய் எரிந்த கரி புகைக்கரியாக மேல்தளத்தில் போய் ஒட்டிக்கொள்ளுகிறது. 100 கிராம் கர்ப்பூரம் பூராவும் எரிந்தால் ஏறக்குறைய 290 கிராம் கரியமிலவாயுவும் 95 கிராம் தண்ணீரும் உண்டாகின்றன. 100 கிராம் போட்டு 385 கிராம் வந்தது எப்படி? பாக்கி 285 கிராமும் காற்றிலிருந்து வாங்கிக்கொண்ட பிராணவாயுவின் எடை. வரவும் செலவும் சரிக்குச் சரி. மளிகைக் கடைக்காரர் பேரேட்டில்கூட இவ்வளவு சுத்தமான கணக்கு இராது. பிரெஞ்சு தேசத்தில் லவாசியே என்பவர் தராசை வைத்துக்கொண்டு எடை போட்டு எடை போட்டுத்தான் இதை ஸ்தாபித்து, 1789-இல் புத்தகமாகவும் வெளியிட்டார். பொருள் உருமாறுமே ஒழிய அழியாது என்பதை அவர் தவமிருந்து கண்டுபிடிக்கவில்லை. நிறுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

"வாயு கண்ணுக்குத் தெரியவில்லையே, எப்படி நம்புவது?" என்று பிள்ளை கேட்கும். கேட்கத்தான் வேண்டும். கடவுளைப் பற்றியும் அவன் அப்படியே கேட்கப் போகிறான் என்று பயந்துதான் பலர் அவன் வாயை இங்கேயே அடக்குகிறார்கள். நீங்கள் அடக்காதீர்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வையுங்கள். தெளிந்த நீரைக் கண்ணாடி டம்ளரில் இறுத்து, பப்பாளி இலைக் காம்பைக் குழாயாக வைத்து மெதுவாக ஊதச் சொல்லுங்கள். ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் வாய் வெந்துபோகும். சற்று நேரத்தில் தெளிந்த நீர் பால்போல் வெளுத்துவிடும். அவன் மூச்சிலிருந்த கரியமிலவாயு சுண்ணாம்போடு சேர்ந்து சுண்ணாம்புக்கல் தூளாகிவிட்டது. பிறகு ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி, சுடரின்மேல் காலி டம்ளரைக் கவிழ்த்துப் பிடியுங்கள். உள்ளே பனி படிந்ததுபோல் நீர்த்துளி பூக்கும். அது எரிந்து உண்டான தண்ணீர். அதே டம்ளரில் சுண்ணாம்பு நீரை ஊற்றிக் குலுக்கினால் அதுவும் வெளுக்கும். மூச்சு விடுவதும் மெழுகுவத்தி எரிவதும் ஒரே ஜாதிக் காரியம் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். செலவு எவ்வளவு? சுண்ணாம்பு பாட்டியின் டப்பாவில் இருக்கிறது, பப்பாளிக் காம்பு கொல்லையில் இருக்கிறது.

இந்த மெழுகுவத்தியை வைத்துக்கொண்டே இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே என்பவர் 1860-ஆம் வருஷக் கடைசியில் தொடங்கிச் சிறுவர்களுக்கென்றே ஆறு சொற்பொழிவுகள் செய்தார். அவை மறு வருஷம் புத்தகமாக வந்தன. அந்தப் பாரடே யார்? ஒரு கருமானுடைய மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்த பையன். பைண்டுக்கு வந்த புத்தகங்களைத் தைக்கும்போதே படித்தான். ஜேன் மார்செட் என்கிற அம்மாள் பெண்களும் தெரிந்துகொள்ளும்படி சம்பாஷணை முறையில் எழுதிய இரசாயன நூல் ஒன்று அப்படி அவன் கைக்கு வந்தது. படித்ததோடு நிற்காமல் கைக்காசைப் போட்டுச் சில்லறைச் சாமான் வாங்கி, புத்தகத்தில் சொல்லியபடி வருகிறதா என்று தானே செய்து பார்த்தான். 1812-இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவைக் கேட்கப் போனான். 1813-இல் அவரிடமே உதவியாள் ஆனான். பிற்காலத்தில் உலகத்துக்கே பெரிய விஞ்ஞானியானான். கருமான் மகன் கையிலும் ஒரு பெண் எழுதிய புத்தகம் வந்து சேர்ந்ததே, அதுதான் இதில் விசேஷம். நம் தேசத்துக் கதையில் கேட்டும் மறுக்கப்பட்டுத் தானே வித்தை கற்றுக்கொண்டவனுக்குக் கட்டை விரல் போயிற்று. காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சட்டமும் இங்கேதான் இருந்தது.

மஞ்சளும் மந்திரமும்

நிற்க, ஆலத்தியைப் பாருங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் வாசற்படியில் நிற்கும்போது சிவந்த நீரைச் சுற்றிக் கண்ணேறு கழிப்பதாகச் சொல்லுகிறோம். சிவப்பு எங்கிருந்து வந்தது? மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலக்கியதால் வந்தது. மஞ்சளிலுள்ள சாயம் காரத்தைக் கண்டால் சிவக்கும், புளிப்பைக் கண்டால் மறுபடி மஞ்சளாகும். அந்தத் தட்டிலேயே நாலு சொட்டு எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்து பாருங்கள். சிவப்பு போய்விடும். கண்ணேறு எலுமிச்சம்பழத்துக்குப் பயந்து ஓடிவிட்டதென்று சொல்லுவீர்களா? சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் ஏன் சிவக்கிறது என்று துவைக்கிற பெண்கள் எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? காரணம் ஒன்றே. சோப்பு காரமானது.

பள்ளிக்கூடத்தில் இதற்கு லிட்மஸ் காகிதம் என்று ஒன்று உண்டு. அது அலமாரியில் இருக்கும். அலமாரி பூட்டியிருக்கும். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று திறப்பார்கள். அதற்குள் காகிதம் பூஞ்சணம் பிடித்திருக்கும். உபாத்தியாயத் தோழர்களே! மஞ்சளைக் கரைத்து வெள்ளைக் காகிதத்தில் பூசி நிழலில் உலர்த்தினால் அதுவே காரத்தைக் காட்டிக் கொடுக்கும் காகிதம். சோப்புத் தண்ணீர், சாம்பல் தண்ணீர், சோடா உப்பு, மோர், புளி, எலுமிச்சை என்று ஒவ்வொன்றாய்ச் சொட்டு விட்டு எது எந்தக் கட்சி என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள். சோடா உப்பும் மோரும் முதலில் பிள்ளைகளைக் கொஞ்சம் ஏய்க்கும். அதனாலென்ன? இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு மறுபடி செய்து பார்ப்பார்கள். அந்தச் சண்டைதான் படிப்பு.

செம்பருத்திப் பூவிலும் இதே வித்தை உண்டு. அதன் சாயம் புளிப்பில் நல்ல இரத்தச் சிவப்பாகும். இதைத் தெரிந்துகொண்ட மந்திரவாதி முன்கூட்டியே கத்தியில் செம்பருத்திப் பூவைத் தேய்த்து உலர வைத்துக்கொண்டு வந்து, ஊரார் முன்னிலையில் எலுமிச்சம்பழத்தை அறுக்கிறான். இரத்தம் சொட்டுகிறது. "உன் மருமகள் வைத்த சூனியம்" என்கிறான். அந்த வீட்டில் அன்றிரவு அந்தப் பெண் அடிபடுகிறாள். இது விளையாட்டுச் சங்கதியல்ல. ஏழாவது படிக்கிற ஒரு பெண் குழந்தைக்கு இந்தச் செம்பருத்தி விஷயம் தெரிந்திருந்தால், "அந்தக் கத்தியைக் கழுவி விட்டு அறுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.

நெருப்புப் பெட்டியில்லாமல் ஓமகுண்டத்தில் தீ வரவழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பெர்மாங்கனேட்டுத் தூளைச் சுள்ளியின்கீழ் ஒளித்து வைத்து, நெய் என்று சொல்லிக் கிளிசரினை ஊற்றி விட்டு மந்திரம் சொல்ல ஆரம்பித்தால், சிறிது நேரத்தில் தானே பற்றிக்கொள்ளும். அந்த நேரத்தை ஓட்டுவதற்குத்தான் மந்திரம். இதைப் பெரியவர்கள் செய்து காட்ட வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. இப்படிப்பட்ட புரட்டுகளை வெளியாக்குவதையே தம் வாழ்க்கை வேலையாகக் கொண்டவர்களில் ஆபிரகாம் கோவூர் ஒருவர். 1898-இல் திருவல்லாவில் பிறந்து, இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணத்திலும் பிறகு கொழும்பிலும் தாவரநூல் உபாத்தியாயராக இருந்தவர். ஏமாற்று வழியில்லாத நிபந்தனையில் தெய்வ சக்தியைக் காட்டுகிறவருக்கு லட்சம் ரூபாய் கொடுப்பதாக 1963-இல் பந்தயம் கட்டினார். 1978-இல் அவர் இறக்கும் வரையில் ஒருவரும் வந்து அதை ஜெயிக்கவில்லை. போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்த் 2009-இல் இறக்கும் வரையில் ஊர் ஊராகப் போய் இதே வேலையைச் செய்தார்.

"இதெல்லாம் படிக்காதவர்களை ஏமாற்றுகிற வித்தை, இப்போது எல்லோரும் படித்துவிட்டார்களே" என்று சிலர் சொல்லுகிறார்கள். 1995 செப்டம்பர் 21-ஆம் தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஒரு வதந்தி ஒரே நாளில் தேசம் முழுவதும் பரவிற்றே, அன்று செம்பும் கரண்டியுமாய் வரிசையில் நின்றவர்களில் பட்டதாரிகள் எத்தனை பேர்? டில்லியில் சர்க்கார் விஞ்ஞானிகள் பாலில் சாயத்தைக் கலந்து ஊட்டி, பால் சிலையின்மேல் மெல்லிய பூச்சாக வழிந்து கீழே போவதைக் காட்டின பிறகும் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுக்குப் படிப்பு இல்லாமலில்லை. அந்தப் படிப்பு எந்த விதமானது என்பதுதான் கேள்வி. எச் டூ ஓ என்றால் தண்ணீர் என்று எழுதினால் ஒரு மார்க்கு. ஏன் என்று கேட்டால் "சிலபஸில் இல்லை, உட்கார்." அர்த்தம் தெரியாமல் சமஸ்கிருதத்தை முணுமுணுப்பதற்கும் அர்த்தம் தெரியாமல் இரசாயனக் குறியை முணுமுணுப்பதற்கும் வித்தியாசம் என்ன? முன்னதற்குத் தட்சணை, பின்னதற்கு மார்க்கு. வேறு வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை.

கை ஒரு ஜாதி, தலை ஒரு ஜாதி

இந்த நாட்டில் இரசாயனம் தெரிந்தவர்கள் இல்லாமல் போகவில்லை. உவர்மண்ணைப் போட்டு வெள்ளாவி வைத்து அழுக்கெடுத்த வண்ணார் காரத்தின் குணத்தை அறிந்தவர். கிளிஞ்சலைச் சூளையில் நீற்றிச் சுண்ணாம்பாக்கினவர் கோபுரங்களை நிற்க வைத்த சாந்துக்கு மூலகர்த்தா. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப் போட்டு மயிரை உதிர்த்து, ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு, அழுகிப் போக வேண்டிய ஒன்றைப் பல வருஷம் உழைக்கிற செருப்பும் கவலைத் தோலுமாக்கினவரைத் தெருவுக்குள் வரக் கூடாது என்றோம். பித்தளைப் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைப் போட்டுத் துடைத்து, வெள்ளீயம் பூசுகிறவருக்கு உலோகத்தின்மேல் படிந்த களிம்பைப் போக்கினாலொழிய ஈயம் பிடிக்காதென்று தெரியும். புளிக்குழம்பை ஈயம் பூசாத பித்தளையில் வைத்தால் களிம்பேறும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். மாவு புளித்தால் பொங்குமென்றும், பனிக்காலத்தில் பொங்க நேரமாகுமென்றும் தெரியும். பொங்கச் செய்வது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் விடும் கரியமிலவாயு என்பதை மட்டும் அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆக, கையால் செய்தவர்களுக்கு எழுத்தைக் கொடுக்கவில்லை. எழுத்தை வைத்திருந்தவர்கள் கையை அழுக்காக்கிக் கொள்ளவில்லை. இரண்டும் சேராமல் சாஸ்திரம் எப்படி வளரும்? இதை நாம் கட்சிக்காகச் சொல்லுவதாக நினைக்காதீர்கள். வங்காளத்து இரசாயன நிபுணர் பிரபுல்ல சந்திர ரே, 1902-லும் 1909-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட இந்து இரசாயன சரித்திரத்தில் இதையே எழுதியிருக்கிறார். கைத்தொழில்களைக் கீழ்ஜாதி என்று தள்ளியதும், அறிவாளிக் கூட்டம் அவற்றிலிருந்து விலகியதும், உலகமே மாயை என்று சங்கரர் வேதாந்தம் போதித்ததும் நம்மவர்களிடம் விஞ்ஞான ஊக்கம் மங்கியதற்குக் காரணங்கள் என்பது அவர் முடிவு. உலகம் மாயை என்றால் சுண்ணாம்பும் மாயைதானே, அதை யார் ஆராய்வான்?

இந்தப் பிரிவினை இன்றைக்கும் உயிரைக் குடித்துக்கொண்டிருக்கிறது. கிராமத்தில் வெகு நாள் இறைக்காத பாழுங்கிணற்றில் தூர் வார ஒருவன் இறங்குகிறான்; மயங்கி விழுகிறான். தூக்கப் போன தம்பியும் விழுகிறான். "முனி அடித்துவிட்டது" என்று ஆடு வெட்டிக் கிணற்றை மூடுகிறார்கள். அடித்தது முனியல்ல, கரியமிலவாயு. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. தழை மட்கிய பள்ளத்தில் தேங்கி நின்று மூச்சுக் காற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடும். கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கினால் அணைந்துபோகும். அணைந்தால் இறங்காதே என்று அர்த்தம். அணையாவிட்டாலும் ஆபத்தில்லையென்று நினைத்துவிடக் கூடாது. வேறு விஷவாயுக்கள் இருக்கலாம்.

பட்டணத்துச் சாக்கடைக் குழியில் விளக்கையும் இறக்க முடியாது. எரிவாயு இருந்தால் வெடிக்கும். அங்கே காற்றில்லாமல் அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. கொஞ்சமாயிருந்தால் கூமுட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாயிருந்தால் மூக்கின் மோப்ப சக்தியையே கொன்றுவிடுமாதலால் நாற்றமே தெரியாது. நாற்றமில்லையே என்று இறங்குகிறவன் சில மூச்சுகளில் முடிந்து போகிறான். மனிதனை இந்த வேலையில் இறக்கக் கூடாதென்று 2013-இல் சட்டம் செய்தார்கள். அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. செத்தவர்களின் ஜாதியை நாம் சொல்லவேண்டியதில்லை. இறங்கச் சொன்ன காண்டிராக்டருக்கு இந்த வாயுவின் பெயர் தெரியும். இறங்கினவனுக்குத்தான் தெரியாது. தெரிந்தால் அவன் "மிஷின் கொண்டு வா" என்று சொல்லிவிடுவானே!

வீட்டிலும் இது உண்டு. கழிப்பறை கழுவுகிற ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாய்க் கொட்டினால் இன்னும் வெளுக்குமென்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்கிற பெண்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்பர் என்னும் ஊருக்கருகே ஜெர்மன் படை எதிரிகள்மேல் விட்ட விஷவாயு இதுவேதான். தாய்மார்களே! வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இப்படியிருக்க, நம்மை ஆளுகிறவர்கள் என்ன செய்தார்கள்? 1976-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி 51-ஏ பிரிவைச் சேர்த்தபோது, விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று எழுதினார்கள். எழுதினதோடு சரி. 2022-இல் மத்தியப் பாடநூல் ஸ்தாபனமான என்.சி.இ.ஆர்.டி., மாணவர்களின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 12-ஆம் வகுப்பு இரசாயனத்தில் "அன்றாட வாழ்வில் இரசாயனம்" என்கிற பாடத்தையே நீக்கிவிட்டது. மருந்தும் சோப்பும் பற்றிச் சொல்லுகிற பாடம் அது. 10-ஆம் வகுப்பில் பரிணாமக் கொள்கையும் போயிற்று. சுமை என்றால் எத்தனையோ இருக்க, இதுதானா கண்ணில் பட்டது?

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு அத்தாட்சியுண்டு. மத்தியப் பிரதேசத்தில், அப்போது ஹோஷங்காபாத் என்று பெயர் கொண்டிருந்த ஜில்லாவில், 1972-இல் கிஷோர் பாரதி முதலிய இரண்டு ஸ்தாபனத்தார் 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் ஒரு காரியம் தொடங்கினார்கள். உபாத்தியாயர் விடையைச் சொல்லிவிடுவதில்லை. பிள்ளைகள் நாலு நாலு பேராய்ச் சேர்ந்து மலிவான சாமான்களைக் கொண்டு தாங்களே சோதனை செய்து, கண்டதை எழுதி, வகுப்பில் விவாதித்து முடிவுக்கு வர வேண்டும். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஏனெனில் கேள்வி உருப்போட்டு எழுதுகிற கேள்வியல்ல. பல நூறு பள்ளிகளுக்குப் பரவி முப்பது வருஷம் நடந்த அந்த ஏற்பாட்டை 2002-இல் அந்த மாகாண சர்க்காரே நிறுத்திவிட்டது. பிள்ளைகள் கேள்வி கேட்கப் பழகினால் எந்த சர்க்காருக்கும் கொஞ்சம் சங்கடந்தான்.

சர்க்கார் கொடுக்கட்டும் என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு தகரப் பெட்டி வையுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், படிகாரம், சோடா உப்பு, கொஞ்சம் அயோடின் டிங்சர், நாலு டம்ளர், ஒரு சிறு தராசு இருந்தால் ஒரு வருஷப் பாடம் நடத்தலாம். அயோடின் எதற்கென்றால், காய்ச்சி ஆறிய பாலில் இரண்டு சொட்டு விட்டு நீலம் பாய்ந்தால் மாவு கலந்திருக்கிறது என்று அர்த்தம். இதை இரண்டு வாரம் பிள்ளைகள் வீட்டில் செய்தால் பால்காரர் திருந்தி விடுவார். பெட்டிக்குப் பூட்டு வேண்டாம். ஆசிட்டை மட்டும் உபாத்தியாயர் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளட்டும். பெட்டியைத் திறப்பதும் கழுவி வைப்பதும் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் முறை வைத்துச் செய்யட்டும். பெண் குழந்தைகள் கழுவ, ஆண் குழந்தைகள் சோதனை செய்ய என்று பங்கு போட்டுவிடாதீர்கள்.

நாம் பேசினது போதும். இந்த ஊர்ப் பள்ளி மாணவர்கள் நாலு பேர், அவர்களில் இரண்டு பேர் பெண்கள், இப்போது மேடைக்கு வந்து சுண்ணாம்பு நீரையும் ஆலத்தித் தட்டையும் செம்பருத்திக் கத்தியையும் செய்து காட்டுவார்கள். கடைசியாக ஓமத் தீயை அவர்கள் உபாத்தியாயர் காட்டுவார். கத்தியை யார் வேண்டுமானாலும் முதலில் வந்து முகர்ந்து பார்க்கலாம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவர்கள் மட்டும் தயவுசெய்து நாலடி பின்னுக்கு நகர்ந்துகொள்ள வேண்டும்.